இறங்கும்போது கடைசி ஆள்

மலை ஏறும்போது கைடு முன்னால் போக வேண்டும். இறங்கும்போது கடைசி ஆளாக வர வேண்டும். எங்கள் தொழிலில் யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. முன்னால் போவது வேகத்தைப் பிடித்து வைப்பதற்காக. விட்டால் நாலு பேர் பந்தயம் கட்டியதுபோல ஏறிவிடுவார்கள், மிச்சப் பேர் பாதியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் வருவது யாரும் மேலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காக. போட்டோ எடுக்கிறேன் என்று கோயிலுக்குப் பின்பக்கம் போய் நின்றுகொள்கிறவர் எல்லா குரூப்பிலும் ஒருவர் உண்டு. கீழே பஸ்ஸில் தலை எண்ணும்போதுதான் அவர் இல்லை என்று தெரியும். அப்புறம் யார் மறுபடி ஏறுவது? கைடுதான்.

கடைசி இரண்டு சீசனாக இந்தச் சட்டம்தான் என் வீட்டில் அடுப்பை எரியவிட்டது. அது எப்படி என்று சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கதையையே சொல்லிப் பழகியவனுக்குத் தன் கதையை எங்கே ஆரம்பிப்பது என்பதில் தடுமாற்றம்தான். ராஜாக்கள் கதை என்றால் மடமடவென்று வரும்.

குளத்தூருக்கு மேற்கே, கிணறு வற்றினால் கடலைச் செடியும் சுருண்டு படுத்துக்கொள்கிற ஒரு கிராமத்தில் பிறந்தேன். புதுக்கோட்டையில் கல்லூரி. வரலாறு எடுத்து எம்.ஏ. வரை போனேன். விரும்பி எடுத்ததெல்லாம் இல்லை, அதில்தான் சீட் கிடைத்தது. படித்து முடித்ததும் அப்பா கேட்டார், "அதை வச்சு என்னதான்டா செய்வாங்க?" எனக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகம் பிற்பாடு தொழிலுக்கு ரொம்ப உதவியது.

பாண்டிச்சேரிக்குப் போய் ஓட்டல் ஒன்றில் பெட்டி தூக்கினேன். தங்க வருகிறவர்களின் பிரெஞ்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். என் பிரெஞ்சில் குளத்தூர் வாடை அடிக்கிறது என்று அங்கே பாடம் எடுத்த அம்மா சொல்வார். இன்றைக்கும் அடிக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு என்னவோ அது பிடித்துப்போனது. அப்புறம் கைடு பயிற்சி, பரீட்சை, கழுத்தில் பேட்ஜ். அப்பா அந்த பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கவர்மெண்டு வேலையா?" என்றார். "அது மாதிரி" என்றேன். அவர் சாகும்வரை ஊரில் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்.

கைடுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டால் ராஜா பெயர், கட்டிய வருஷம் என்று சொல்வார்கள். அதெல்லாம் போனிலேயே இருக்கிறது. திருச்சி ரோட்டில் எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறையைக் கழுவி வைத்திருப்பார்கள் என்று போனில் இருக்காது. எங்கள் மாவட்டத்துச் சுற்றுலா முழுக்க அந்த ஒரு அறிவின் மேல்தான் நிற்கிறது. சின்னக் குகைக் கோயில்களின் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்கும், அவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டால் அவரை எழுப்புவதற்கு யாரை அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாசி மாதத்துக்கு மேல் எத்தனை மணிக்குப் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாமல் போகும் என்று தெரியும். கோயிலடியில் செருப்பை விட வேண்டுமே, அதற்காகப் பையில் எப்போதும் ஒரு கட்டு காலுறை வைத்திருப்பேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிற விதத்தை வைத்தே யார் வெயிலில் மயங்குவார், யார் மனைவியோடு இரண்டு நாளாகப் பேசவில்லை என்று சொல்லிவிடுவேன்.

கல்லைப் பற்றியும் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே நியாயமாகாது. நார்த்தாமலை மேல் இருக்கிற விஜயாலய சோழீச்சுரத்தில் கருவறை வட்டமாக இருக்கும், அதைச் சுற்றிச் சுவர் சதுரமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருட்டாக ஒரு சந்து. மற்ற கைடுகள் வாசலில் நின்று அதைப் பத்து நிமிஷம் விளக்குவார்கள். நான் விளக்க மாட்டேன். கதவு திறந்திருக்கிற நாளில், "உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள், யாரும் பேச வேண்டாம்" என்று மட்டும் சொல்வேன். உள்ளே சளசளவென்று போகிறவர்கள் வெளியே வரும்போது சத்தமில்லாமல் வருவார்கள். சிலருக்குக் கண் கலங்கியிருக்கும். ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் வித்தை அவ்வளவுதான். அதற்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் மாவட்டத்தின் தலையெழுத்து, அது எல்லா ஊருக்கும் வழியில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் வழியில் பார்ப்பார்கள். திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் வழியில் டீ குடிப்பார்கள். இங்கே வருவதற்கென்றே யாரும் வருவதில்லை. கொரோனாவுக்குப் பிறகு வழியில் நிற்பதும் குறைந்துபோனது. என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதை விட்டன. கடைசியில் மிஞ்சியது சென்னையில் ஒரே ஒரு டிராவல் கம்பெனி. அவர்கள் அனுப்புகிற பிரெஞ்சு குரூப்கள் காலையில் நார்த்தாமலை ஏறும், மத்தியானம் திருமயம் பக்கத்தில் ஒரு பழைய செட்டியார் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடும், சாயங்காலம் மதுரைக்குக் கிளம்பிவிடும். அந்தக் காலைப் பொழுதுக்குத்தான் நான். மலை ஏற முடியவில்லை என்றால் அந்தக் கம்பெனிக்கு நான் தேவையில்லை. அந்தக் கம்பெனியும் இல்லையென்றால் நான் வேறு யாருக்கும் தேவையில்லை. இதை நான் மனசுக்குள் மறைத்து வைக்கவெல்லாம் இல்லை. தினமும் காலையில் பேட்ஜை மாட்டும்போது நினைப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் முட்டி போனது.

முதலில் பஸ் படியில் இறங்கும்போது சுருக்கென்றது. அப்புறம் வீட்டில் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது. நாங்கள் குடியிருப்பது மாடி போர்ஷன். படியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்க ஆரம்பித்தேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் ஜவ்வு தேஞ்சு போச்சு. படி ஏறாதீங்க, தரையில ஒக்காராதீங்க, மேடு பள்ளத்துல நடக்காதீங்க" என்றார். என் வேலை என்ன என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"என் பொழப்பே அதுதான் சார்" என்றேன்.

"பொழப்ப மாத்திக்கங்க."

"ஆபரேஷன் கிபரேஷன்?"

"இப்பவே வேணாம். தள்ளிப் போடுங்க. செஞ்சாலும் வீட்டுக்குள்ள நடக்கலாம், கடைகண்ணிக்குப் போகலாம். மலையெல்லாம் மறந்துருங்க."

மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த வாரம் ஒரு குரூப் இருந்தது. ஏறினேன்.

ஏறுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. முன்னால் போகிறவன் நானாயிற்றே, எங்கே நிற்கிறேனோ அங்கே எல்லோரும் நிற்க வேண்டும். முன்பு இரண்டு இடத்தில் நின்று பேசுவேன். முட்டி போனதற்கு அப்புறம் பாறைக்குப் பாறை பேசினேன். கல்தச்சர்கள் உளி வைத்த குழியைப் பார்த்தால் நிற்பேன். சுனையடியில் நிற்பேன். அதன் தண்ணீருக்கடியில் ஒரு குகைக்குள் சிவலிங்கம் இருக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் பார்க்க முடியும். அதைச் சொல்லிக்கொண்டே பாறையில் சாய்ந்து முட்டிக்கு மூச்சு விட இடம் கொடுப்பேன். இவ்வளவு நிதானமாக ஒரு மலையை யாரும் காட்டியதில்லை என்று குரூப்பில் பாராட்டினார்கள். பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இறங்குவதுதான் பாடு. ஏறும்போது வலிக்கிற முட்டி இறங்கும்போது அழும். சரிவுப் பாறையில் ஒரு எட்டு கீழே வைத்தால் உடம்பு மொத்தமும் முட்டியில் வந்து இறங்கும். அங்கேதான் அந்தச் சட்டம் கைகொடுத்தது. "நீங்கள் எல்லோரும் மெல்ல இறங்குங்கள், நான் கடைசியில் வருகிறேன்" என்பேன். அவர்கள் முதுகு ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் மறைந்ததும், உட்கார்ந்துவிடுவேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, சின்னப் பிள்ளைகள் சறுக்குமரம் விளையாடுகிற மாதிரி, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்குவேன். கீழே ஆட்கள் தெரிகிற இடம் வந்ததும் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜமீன்தார் மாதிரி நடந்து வருவேன். பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியாது.

என் மனைவிக்குத் தெரிந்தது, பேண்ட்டால். வீட்டில் தையல் மிஷின் வைத்துத் தைக்கிறாள். துவைத்த துணியை மடிக்கும்போது ஒருநாள் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்து என் பக்கம் திருப்பினாள்.

"ஏங்க, முட்டிகிட்ட கிழிஞ்சிருந்தா நடந்து தேஞ்சிருக்குன்னு வச்சுக்கலாம். பின்னாடி மட்டும் ஏன் சல்லடையா இருக்கு?"

"பஸ் சீட்டு மோசம்."

அடுத்த தடவை அந்த பேண்ட் கைக்கு வந்தபோது பின்பக்கம் உள்ளே கெட்டித் துணி கொடுத்து இரட்டையாகத் தைத்திருந்தது. மற்ற பேண்ட்டுகளிலும் அப்படியே. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தத் தையலின் மேல் உட்கார்ந்துதான் இரண்டு சீசன் ஓட்டினேன்.

போன வருஷம் பொங்கல் கழிந்து வந்த குரூப்போடு கம்பெனி மேனேஜரும் சென்னையிலிருந்து வந்திருந்தார். இளம் வயசு, நல்ல பிள்ளை, என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். அடுத்த வருஷத்துக்கு எந்த ஊரை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று நேரில் பார்த்து முடிவு செய்ய வந்திருக்கிறார் என்று டிரைவர் காதைக் கடித்தார். மேனேஜருக்குப் பிரெஞ்சு தெரியாது. மலையும் ஏறவில்லை, ஆபீஸ் போன் வந்துகொண்டே இருந்ததால் பஸ்ஸிலேயே இருந்துவிட்டார். அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தேன்.

குரூப்பில் ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியவர், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, காய்ந்த விறகு மாதிரி உடம்பு. ஏறும்போது ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு போட்டோ எடுக்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மற்றவர்கள் என் வாயைப் பார்ப்பார்கள், இவர் ஏன் காலைப் பார்க்கிறார் என்று எனக்கு உறுத்தியது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவரைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மேலே எல்லாம் நன்றாக நடந்தது. கதவு திறந்திருந்தது. சுற்றி வந்தார்கள். மௌனமாக வெளியே வந்தார்கள். எதிரே குகையில் இருக்கிற பெருமாள் சிலைகளைக் காட்டினேன். காற்று நன்றாக வீசியது. "மெல்ல இறங்குங்கள், நான் கடைசியில் வருகிறேன்" என்றேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். அந்த அம்மா மட்டும் நின்றார்.

"நீங்கள் போங்கள்" என்றேன்.

"நீங்கள் முதலில்" என்றார்.

"இல்லை, நான் கைடு. கடைசியில் வர வேண்டும்."

அவர் சிரித்தார். "நானும் கைடுதான். எங்கள் ஊர் மலைகளில் வாழ்நாள் முழுக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு முன்னால் எல்லோரும் இறங்குவதைப் பார்க்காமல் என் கால் நகராது. ஓய்வு பெற்றும் போகவில்லை அந்தப் பழக்கம்."

மரியாதைக்கு நானும் சிரித்தேன். இரண்டு கைடுகள் ஒரு மொட்டைப் பாறையில் நின்றுகொண்டு, நீங்கள் போங்கள், நீங்கள் போங்கள் என்று, கல்யாண வீட்டில் பந்திக்கு உபசரிக்கிற மாதிரி மல்லுக்கட்டினோம். கோயிலை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன், அவரும் பார்த்தார். தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன். குடித்து முடிக்கும்வரை நின்றார். கீழே மேனேஜர் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று பயம். வேறு வழியில்லாமல் நான் முன்னால் இறங்கினேன்.

நாலைந்து எட்டு நடந்தேன். சரிவு வந்தது. கால் தானாக நின்றது. பின்னால் அவர் நிற்கிறார், திரும்பாமலே தெரிகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்தேன். கையைப் பின்னால் ஊன்றினேன். இத்தனை வருஷம் தொழில் செய்த மலையில், பேட்ஜ் நெஞ்சில் ஆட, ஒரு வெளிநாட்டு அம்மா பார்க்க, உட்கார்ந்து சறுக்கினேன். அந்த வெட்கத்தை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

அவர் என்னைத் தாண்டி ஓரமாகக் கீழே இறங்கி, என் பாதத்துக்கு அடியில் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தார், வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைக்கிற மாதிரி. ஒரு கையை நீட்டினார். எழுந்து அந்தக் காலில் என் காலை முட்டுக்கொடுத்து ஒரு எட்டு வைத்தேன். மறுபடி அவர் ஒரு எட்டு கீழே போய்க் காலை வைத்தார். அப்படியே இறங்கினோம். உண்மையைச் சொன்னால், வெட்கத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. ஒரு ஆளாவது தாங்கிப் பிடித்ததே என்று. பேசத் தொடங்கிவிட்டேன். டாக்டர் சொன்னது, பேண்ட் தையல் எல்லாம். வியாதியைப் பற்றிப் பேசும் அளவுக்கு என் பிரெஞ்சு போதாது. முட்டிக்கு வார்த்தை தெரியும், ஜவ்வுக்குத் தெரியாது. அவருக்குப் புரிந்தது. ஆட்கள் தெரிகிற இடம் வந்ததும் கையை விட்டுவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். எனக்குப் பின்னால், கடைசி ஆளாக, அவர் வந்தார்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயமா என்று நினைத்துவிட்டேன்.

செட்டியார் வீட்டில் சாப்பாடு வழக்கம்போல. நீளமான கூடத்தில் மேஜை போட்டு வாழை இலை. கந்தரப்பம், மண்டி, பால் பணியாரம் என்று ஒவ்வொன்றாக வரும். நான் எழுந்து நின்று எது என்ன என்று சொல்ல வேண்டும். பாயசம் வந்த நேரத்தில் அந்த அம்மா எழுந்தார். தண்ணீர் டம்ளரைக் கரண்டியால் தட்டினார். குரூப் அமைதியானது. மேனேஜரைப் பார்த்து, "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மொழிபெயர் என்று அர்த்தம்.

"வாழ்நாள் முழுக்க இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். இவரைப் போல ஒரு கைடைப் பார்த்ததில்லை" என்றார்.

நான் மேனேஜர் பக்கம் திரும்பினேன். "சார், இந்தக் கைடு மாதிரி ஒருத்தரப் பாத்ததே இல்லேங்கிறாங்க" என்றேன். கூச்சப்படுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டேன். கூச்சமெல்லாம் ஒன்றுமில்லை. அடுத்த வருஷத்தை முடிவு செய்ய வந்தவர் காதில் இது விழ வேண்டும் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

"எங்கே பேச வேண்டும் என்று தெரிந்தவர் நிறையப் பேர். எங்கே பேசக் கூடாது என்று இவருக்குத் தெரிகிறது."

அதையும் சொன்னேன். கொஞ்சம் நெய்யும் ஊற்றித்தான் பரிமாறினேன். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மலை லிஸ்ட்டில் நிற்கிறது, அடுத்த வருஷம் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள்" என்றார் அந்த அம்மா.

"அதனால ஒங்ககிட்ட ஒரு ரிக்வெஸ்ட்டுங்கிறாங்க" என்றேன். இன்னும் நிறைய குரூப் அனுப்பச் சொல்லப்போகிறார் என்று என் நினைப்பு.

"இந்த மனிதரை இனிமேல் மலை ஏறவிடாதீர்கள்."

வாய் நின்றது. கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பரிமாறுகிறவர் பாயச வாளியோடு நின்றார். "சொல்லுங்க சார், என்ன ரிக்வெஸ்ட்?" என்றார் மேனேஜர், சிரிப்பு மாறாமல்.

பாயசம் பிரமாதம் என்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கூடத்தில் அந்த இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் முதல் இரண்டு வாக்கியத்தை ஆசை ஆசையாகச் சொன்ன வாய் மூன்றாவதில் தடம் மாறத் தெரியாமல் விழித்தது. அவர்கள் ஒன்று சொன்னால் அதை அப்படியே சொல்வதற்குத்தான் அதைப் பழக்கி வைத்திருந்தேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை.

"இந்தக் கைடை இனிமே மலை ஏத்தாதீங்கங்கிறாங்க" என்றேன்.

"எந்தக் கைடை?"

"என்னையத்தான் சார்."

அந்த அம்மா தொடர்ந்தார். கனிவாக, நிறுத்தி நிறுத்தி, நான் மொழிபெயர்ப்பதற்கு இடம் விட்டு. தொழில் தெரிந்தவர் அல்லவா. நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரெண்டு முட்டியும் போயிருச்சுங்கிறாங்க. ஒக்காந்துதான் எறங்குறாருங்கிறாங்க. ஒருநாள் விழுந்துருவாருங்கிறாங்க. ரோஷக்காரரு, அவரா வந்து ஒங்ககிட்ட சொல்ல மாட்டாருங்கிறாங்க. இவர நல்லாப் பாத்துக்கங்கங்கிறாங்க. யாரோ ஒரு கைடைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் சொன்னேன். அந்தக் கைடு பாவமாக இருந்தார்.

அவர் பேசி முடித்ததும் குரூப் முழுக்கக் கை தட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். பரிமாறுகிறவர் என்னவென்று தெரியாமல் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரும் தட்டினார். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

மேனேஜர் பஸ் கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சொல்லியிருக்கலாமே சார், இவ்வளவு கஷ்டத்தோட ஏறியிருக்கீங்களே" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஒரு வாரம் கழித்து போன் செய்தபோதும் வருத்தத்தோடுதான் பேசினார். மேலே ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் பிரச்சினை. பிரெஞ்சு பேசுகிற, மலை ஏறுகிற வேறு ஆள் இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. "அதனால அடுத்த சீசன்லேர்ந்து நார்த்தாமலையையே எடுத்துடலாம்னு இருக்கோம் சார். பஸ் நேரா லஞ்சுக்குப் போயிடும். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. மியூசியம் மாதிரி ஏதாவது வந்தா கண்டிப்பா கூப்பிடுறேன்."

"சரிங்க சார்" என்றேன். மியூசியம் வரவில்லை.

இந்த சீசனில் அந்த பஸ்ஸை ஒரு தடவை பார்த்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தபோது சிக்னலில் நின்றது. டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்துக் கையைத் தூக்கினார். ஜன்னலில் வெள்ளை முகங்கள், பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்துக்கு அவர்கள் அந்த இருட்டுச் சந்தில் சுவரைத் தொட்டுக்கொண்டு போய்க்கொண்டிருக்க வேண்டும். யாரோ வந்து என் வேலையைச் செய்கிறார் என்றால்கூட வயிற்றெரிச்சல்பட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். யாரும் செய்யவில்லை. அந்த வேலையே இல்லை.

அந்த அம்மா புதுவருஷத்துக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பியிருந்தார். பனி மூடிய ஒரு மலைப் படம். "இப்போது உங்களை மலை ஏறச் சொல்வதில்லையே? முட்டிக்கு ஓய்வு கிடைக்கிறதா?" என்று கேட்டிருந்தார். கோபப்பட ஒரு ஆள் வேண்டுமே என்று தேடிப் பார்த்தேன், அவரைத் தவிர எல்லோர் மேலும் கோபம் வந்தது. "ஆமாம், நல்ல ஓய்வு. மிக்க நன்றி" என்று பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன். பிழையில்லாமல் எழுதியிருக்கிறேனா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

இப்போது மனைவியின் மிஷின் சத்தத்தில்தான் வீடு ஓடுகிறது. பட்டன் தைப்பது, கொக்கி வைப்பது என்று நான் கூடமாட உதவுகிறேன். பையில் கிடந்த காலுறைக் கட்டை, துணி தைக்கக் கொடுக்கிற வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

போன வாரம் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினோம். நல்ல பேண்ட் போட்டிருந்தேன், இரட்டைத் தையல் போட்டதுதான். இனி அது தேயப்போவதில்லை. மாடிப்படி மேல்தட்டில் அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்று, வாய்ப் பழக்கத்தில், "நீ முன்னால எறங்கு, நான் கடைசியா வாரேன்" என்றேன்.

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்க எறங்குங்க. நான் பின்னாடி வாரேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் நகரவில்லை. பிறகு நான் முன்னால் இறங்கினேன்.